கணினி நின்றால் கலங்க வேண்டாம்

2011 செப்டம்பர் 15-ந் தேதி தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. தென்காசி மாவட்டம் சிவகிரி போன்ற ஊர்களிலும் ஏழை வீட்டுக்குள் கணினி வந்தது. அது அடிக்கடி நின்றுபோனால் "பழுது" என்று மூலையில் போடுவது சரியல்ல.

முதல் வேலை, பிள்ளையின் பாடங்களைப் பென் டிரைவில் நகல் எடுப்பது. பிறகு அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். மிகவும் சுடுகிறதா? விசிறியில் தூசி அடைத்திருக்கலாம். சூடு எல்லை மீறினால், கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே அணைந்துவிடும். மெத்தைமேல் வைத்தாலும் காற்றுவழி அடைபடும். மேசையே நல்லது.

சூடு இல்லாமலும் நிற்கிறதா? ரேம், ஹார்டு டிஸ்க் இரண்டையும் கடையில் சோதிக்கச் சொல்லுங்கள். காரணம் தெரியுமுன் "எல்லாவற்றையும் அழித்துவிடு" என்று சொல்லாதீர்கள். கணினி போனால் வேறு வாங்கலாம். பிள்ளை எழுதி வைத்த பாடம் எந்தக் கடையில் கிடைக்கும்?