தண்டியடிகள் பற்றி நடந்த கயிறு

பங்குனி மாதச் சதய நட்சத்திரம் தண்டியடிகள் நாயனாரின் குருபூசை நாள். திருவாரூரில் அவதரித்த அப்பெருமானுக்குப் பிறவியிலேயே கண்ணொளி இல்லை. திருக்கோயிலின் மேற்கே உள்ள திருக்குளம் பரப்பளவில் குறைந்துபோனதை அறிந்து, அதனைத் தாமே தோண்டிப் பெருக்குவதென்று முடிவு செய்தார். குளத்தினுள் ஒரு கழியை நட்டார். கரையில் மற்றொன்றை நட்டார். இரண்டையும் ஒரு கயிற்றால் பிணைத்தார். மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து, கயிற்றைத் தடவியபடியே கரையேறிக் கொட்டிவிட்டு, மீண்டும் கயிற்றைப் பற்றியே குளத்தில் இறங்கினார்.

அவருக்கு இறையருளால் பார்வை கிடைத்ததையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். அது வரலாற்றின் முடிவில் நிகழ்வது. தொண்டு அதற்கு முன்பே, கண்ணில்லாத நிலையிலேயே தொடங்கி நடந்துகொண்டிருந்தது. அதை நடத்திக்கொடுத்தவை இரண்டு கழிகளும் ஒரு கயிறும். "உமக்குக் கண் வரட்டும், பிறகு குளம் தோண்டலாம்" என்று ஆரூரில் எவரேனும் சொல்லியிருந்தால் அதைத் தகாத பேச்சு என்றே நாம் கருதுவோம். ஆனால், "பேச்சு வரட்டும், பிறகு பள்ளிக்கு அனுப்புங்கள்" என்று இன்றும் எத்தனை பெற்றோரிடம் சொல்லப்படுகிறது!

இவ்வாரம் இதை எழுதத் தூண்டியது ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது அம்மலை. பர்வதமலை ஏறி மல்லிகார்ச்சுனரையும் பிரமராம்பிகையையும் தரிசித்த அன்பர்கள், மேற்கே நீண்டு செல்லும் அதன் தொடர்களைக் கண்டிருப்பார்கள். செய்யாறு அங்கேதான் பிறக்கிறது. அங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயர் அவ்வாறு இருப்பினும் அவர்கள் பேசுவது தமிழே. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. சாமை, தேன், புளி, கடுக்காய், பலா ஆகியவை அவர்களின் வாழ்வாதாரம். சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி அமைந்தவை. பல ஊர்களிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு வருவதே ஒரு பயணம்; அங்கிருந்து போளூர், பிறகு திருவண்ணாமலை என்றால் ஒரு பகல் முழுவதும் போய்விடும். அத்துடன் ஒரு நாள் கூலியும் போகும்.

2018-ஆம் ஆண்டு, நான் மலையடிவாரத்தில் வங்கிப் பணியில் இருந்த கடைசிக் காலம். மலையிலிருந்து ஒருவர், எட்டு வயது மகனைக் கையில் பிடித்தபடி, அவன் பெயரில் கணக்குத் தொடங்க வந்தார். உதவித்தொகைக்குக் கணக்கு வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். சிறுவனுக்குச் சொற்கள் நான்கைந்துதான். என் மேசையிலிருந்த முத்திரைக் கட்டையை எடுத்து, தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர் வரிசையில் குத்திக்கொண்டே இருந்தான். ஒரு முத்திரைகூடக் கோணவில்லை.

"பள்ளிக்கூடம் போகிறானா, தம்பி?" என்று கேட்டேன்.

"ஆஸ்டல் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன், ஐயா. மூன்றாம் நாளே வந்து கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். ராத்திரியில் எழுந்து நடக்கிறான், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஊரிலே, போன பிறவிப் பாவம், வீட்டிலேயே வைத்துக்கொள் என்கிறார்கள். இவனுக்குப் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்."

அவர் கேட்டது ஒரே கேள்வி. அதற்கு விடை: உண்டு. சட்டப்படி உண்டு. அந்த விடையை நம்மைப் போன்ற மூத்தோர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே அதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயது வரையுள்ள எந்தக் குழந்தைக்கும் அருகிலுள்ள பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காகவோ, ஆண்டின் நடுவில் வந்தது என்பதற்காகவோ திருப்பி அனுப்பவும் கூடாது. தொடக்கக் கல்வி முடியும்வரை பள்ளியிலிருந்து வெளியேற்றவும் கூடாது. 2012-இல் வந்த திருத்தம் மாற்றுத்திறன் குழந்தைகளை இச்சட்டத்தின் பாதுகாப்புக்குள் வெளிப்படையாகக் கொண்டுவந்தது. கடுமையான குறைபாடுள்ள குழந்தை வீட்டிலிருந்தே கற்கும் உரிமையையும் தந்தது. வீட்டில் கற்பதா, பள்ளியில் கற்பதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குடும்பத்துக்கே உரியது. பள்ளி தன் வசதிக்காக அதனைக் குடும்பத்தின்மீது சுமத்த முடியாது.

அடுத்தது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கூறிற்று. புதிய சட்டம் 21 வகைகளைக் கூறுகிறது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு ஆகியவையும் இப்போது அதில் அடங்கும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கும் உரிமை உண்டு. அரசு நிதி பெறும் பள்ளிகளும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் அக்குழந்தைக்கு ஏற்றபடி தம்மைத் திருத்தி அமைத்துக்கொள்ளவேண்டும். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்றவை சலுகைகள் என்று பேசப்படுகின்றன. எனக்கு அவை தண்டியடிகளின் கயிறாகவே தெரிகின்றன.

ஜவ்வாது மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்குள்ள பள்ளிகளில் சில பள்ளிக்கல்வித் துறையைச் சேர்ந்தவை. சில பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள். சில வனத்துறை நடத்துபவை. எந்தக் கதவைத் தட்டுவது என்று எழுத்தறியாத தகப்பனுக்கு விளங்காது. ஆனால் எந்தத் துறையின் பள்ளியாயினும் சட்டம் ஒன்றே. முதலில் செல்லவேண்டிய இடம் வட்டார வள மையம். சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்களும் இயன்முறைச் சிகிச்சை தருவோரும் அம்மையத்தின் வழியாகவே பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் செல்கிறார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இத்தகைய குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கீடு உண்டு. பெண் குழந்தைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு ஊக்கத்தொகை உண்டு. அறிவுசார் குறைபாடுள்ளோருக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். இவற்றுக்கு மருத்துவச் சான்றும், தனித்துவ அடையாள அட்டையும் வேண்டும். ஆனால், அட்டை வரும்வரை குழந்தையைப் பள்ளியில் சேர்க்க இயலாது என்று யாரேனும் கூறினால் அது சரியன்று. உதவித்தொகைக்குத்தான் அட்டை, சேர்க்கைக்கு அது நிபந்தனை ஆகாது.

குறை எங்கே இருக்கிறது? ஆசிரியர் எண்ணிக்கையில். ஒரு சிறப்பாசிரியர் பல பள்ளிகளைச் சுற்றி வருபவராக இருந்தால், மலையூர்ப் பள்ளிக்கு அவர் வருவது சில நாட்களே. தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 குழந்தைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற அளவில் சிறப்பாசிரியர் இருக்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2021 அக்டோபரில் கூறியது. அப்பணியிடங்களை உருவாக்கி நிரப்புமாறு மாநிலங்களுக்கு 2025 மார்ச்சில் மீண்டும் உத்தரவிட்டது. நான்கு ஆண்டுகளில் இருமுறை சொல்லவேண்டி வந்தது என்பதிலிருந்தே நிலைமையை அன்பர்கள் ஊகிக்கலாம்.

முடியாத காரியமா இது? ஜவ்வாது மலைக்கு அருகிலுள்ள வேலூரையே பாருங்கள். மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவத்தைக் கற்றுவந்து, வேலூரில் அதற்கென ஒரு நிலையம் உருவாக வழிவகுத்தார். தெற்கே, பாலசுப்பிரமணிய சுவாமி கோயில் கொண்டுள்ள ஆய்க்குடியில் எஸ். இராமகிருஷ்ணன் என்பவர் 1975-இல், கடற்படை அதிகாரித் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று கிராமத்துப் பணியாளர்களைப் பயிற்றுவித்து, குழந்தைகளின் வீடு தேடி அனுப்புகிறது. மலைக்கு வேண்டியதும் அதுவே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் இறங்கி வருவதைக் காட்டிலும், கற்றுத் தருபவர் மேலேறிச் செல்வது எளிது.

இனி, நம் தலைமுறைக்கு உரிய செய்தி ஒன்று. "முன்வினை" என்ற சொல்லை நாம் மிக எளிதாகப் பயன்படுத்துகிறோம். வினைக் கொள்கை ஒருவன் தன்னைத் தானே சோதித்துக்கொள்வதற்காகச் சொல்லப்பட்டது. பிறர் வீட்டுக் குழந்தையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை அது யாருக்கும் வழங்கவில்லை. அச்சொல்லைக் கேட்ட தாய் குழந்தையை மறைக்கத் தொடங்குகிறாள். உறவினர் திருமணத்துக்கு அழைத்து வருவதில்லை, கோயிலுக்குக் கொண்டுவருவதில்லை, பள்ளிக் கணக்கெடுப்புக்கு வருபவரிடம்கூடச் சொல்வதில்லை. கணக்கில் வராத குழந்தைக்கு ஆசிரியரும் வரமாட்டார்.

குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை. அவருடைய பெற்றோர் ஊர்வாய்க்கு அஞ்சி அவரை அறைக்குள் வைத்திருக்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருச்செந்தூருக்கு அழைத்துச் சென்று, அத்தனை பேர் கூடும் சந்நிதியில் நிறுத்தினார்கள். செந்திலாண்டவன் அருளால் அவர் பேசினார் என்பது நம் நம்பிக்கை. அந்தப் பெற்றோரைப் போலவே நாமும் வேண்டிக்கொள்ளலாம், விரதம் இருக்கலாம். ஆனால் வேண்டுதல் நிறைவேறும்வரை பள்ளியை ஒத்திவைப்பது பக்தி ஆகாது. குழந்தையின் முதல் ஆறு ஆண்டுகள் மீண்டும் வருவதில்லை. பயிற்சி மிகுந்த பயன் தருவது அப்பருவத்தில்தான். அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழுக்கள் 2013 முதல் நாடெங்கும் இயங்குகின்றன. அவர்கள் வரும் நாளில் குழந்தை அங்கே இருக்கவேண்டும், அவ்வளவே.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. உங்கள் தெருவிலோ, உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் குடும்பத்திலோ, குலதெய்வக் கோயிலுள்ள கிராமத்திலோ இத்தகைய குழந்தை இருந்தால், பெற்றோருடன் ஒருமுறை வட்டார வள மையத்துக்குச் சென்று வாருங்கள். முதியவர் ஒருவர் உடன் அமர்ந்திருந்தால் அலுவலகத்தில் பேச்சின் தொனியே மாறும். கோரிக்கையை வாய்மொழியாக விட்டுவிடாமல் எழுத்தில் கொடுக்கச் செய்து, நகலில் தேதியிட்ட கையொப்பம் வாங்குங்கள். வங்கியில் நான் கற்ற பாடம் இது: கையொப்பமுள்ள தாளை யாரும் எளிதில் மறந்துவிடுவதில்லை. பள்ளியில் மறுத்தால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும், அங்கும் நடக்காவிட்டால் சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் எழுதலாம். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் கேட்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும் என்பது சட்டம். இக்குழந்தைகளின் பெற்றோருக்கும் அதில் இடம் உண்டு என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

அந்த மலைத் தகப்பனாரிடமும் இவற்றையே கூறி, மனு ஒன்றை எழுதிக் கொடுத்தேன். விடுதிப் பள்ளி அவனுக்கு ஒத்துவராது என்பதை அவரே உணர்ந்திருந்தார். ஊருக்கு அருகே நடந்து செல்லும் தொலைவிலுள்ள பள்ளியைக் கேட்டார். நான்கு மாதமும் மூன்று பயணமும் ஆயின. சிறுவனைச் சேர்த்துக்கொண்டார்கள். சிறப்பாசிரியர் எல்லா நாளும் வருவதில்லை. இருப்பினும், பணி ஓய்வுக்கு முன் கடைசியாக அவர் வந்தபோது, வகுப்பில் நோட்டுப் புத்தகங்களை அடுக்கி எல்லாருக்கும் வழங்கும் வேலையை மகனிடம் கொடுத்திருப்பதாகக் கூறினார். "வரிசை தப்பவே தப்பாது, ஐயா" என்றபோது அவர் முகத்தில் தெரிந்த பெருமிதம், நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையின் தகப்பன் முகத்தில் தெரிவதற்குச் சிறிதும் குறைந்ததன்று.

திருவாரூரில் தொண்டுக்கு இடையூறு செய்தவர்கள் அடிகளின் மண்வெட்டியையும் கூடையையும் பறித்ததோடு நில்லாமல், கழிகளையும் கயிற்றையும் பறித்தார்கள் என்கிறது வரலாறு. எதைப் பறித்தால் அவர் நிற்பார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எதைக் கொடுத்தால் ஒரு குழந்தை நடக்கும் என்று அடியார்களாகிய நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த பங்குனிச் சதயத்தில் தண்டியடிகளுக்கு ஒரு விளக்கேற்றுங்கள். அதற்குள் எங்கேனும் ஒரு குழந்தைக்காக ஒரு முனையில் கழி நட்டுக் கயிற்றைக் கட்டியிருப்பீர்களாக.