போட்ட பணம் யாருக்குத் திரும்ப வேண்டும்?

ஆயுள் காப்பீடு எடுக்க நினைப்பவர் ஏஜென்டிடம் முதலில் கேட்பது, “கடைசியில எவ்வளவு வரும்?” என்பதுதான். உயிரோடு இருந்தால் ஒன்றும் வராது, இறந்தால் குடும்பத்துக்கு வரும் என்றதும் டேர்ம் பாலிசியை ஒதுக்கிவிடுகிறார். பணம் திரும்பாத பாலிசி தண்டம் என்ற இந்த நம்பிக்கை நம் குடும்பங்களுக்குச் செய்யும் கேடு கொஞ்சமல்ல.

மாதம் 40,000 ரூபாயில் ஓடும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முப்பது வயதுக் கணவர் ஆண்டுக்கு 50,000 ரூபாய் கட்டி முடிவில் பணம் திரும்பத் தரும் 20 ஆண்டு எண்டோமென்ட் பாலிசி எடுக்கிறார். காப்பீட்டுத் தொகை ஏறக்குறைய 10 லட்சம். இரண்டாம் ஆண்டிலேயே அவர் போய்விட்டால் அந்தப் பணம் இருபத்தைந்து மாதம் தாங்கும். வீட்டுக் கடன் இருந்தால் அதுவும் தாங்காது. அதே வயதில், புகைப் பழக்கம் இல்லாதவருக்கு, ஒரு கோடிக்கான டேர்ம் பாலிசி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்தாயிரத்தில் கிடைக்கிறது. மிச்சத்தை பி.பி.எஃப்பிலோ செல்வமகள் கணக்கிலோ போடலாமே! பாலிசி என்றால்தான் விடாமல் கட்டுவோம் என்பார்கள். ஓரிரு ஆண்டில் கட்ட முடியாமல் விட்டவர்களைக் கேளுங்கள். கட்டியதில் பெரும்பகுதியைத் தொலைத்தவர்கள் அவர்கள்.

போட்ட பணம் திரும்ப வேண்டும் என்ற ஆசையைக் குறிவைத்தே, கட்டிய பிரீமியத்தைத் திருப்பித் தரும் டேர்ம் பாலிசியும் விற்கிறார்கள். அதற்குப் பிரீமியம் கூடுதல். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 30 ஆண்டு கழித்துக் கைக்கு வரும் 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 17 ரூபாய். இதையா பணம் திரும்பி வந்தது என்பது?

பணம் தனக்கே திரும்ப வேண்டும் என்ற எண்ணத்துக்கு நேர் எதிரான ஏற்பாடு ஒன்று நம் சட்டத்திலேயே இருக்கிறது: 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், பிரிவு 6. அதன்படி ஒருவர் எடுக்கும் பாலிசி மனைவி, பிள்ளைகளுக்கான டிரஸ்ட் சொத்தாகிவிடும். கடன்காரரை ஏமாற்றும் நோக்கில் எடுத்ததாக இல்லாதவரை, அவர் பட்ட கடனுக்காக யாரும் அதில் கைவைக்க முடியாது. அவரே நினைத்தாலும் எடுத்துச் செலவழிக்க முடியாது. கடன் வாங்கித் தொழில் நடத்தும் திருப்பூர், சிவகாசிக் குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய காவல் எது? ஆனால் விண்ணப்பம் எழுதும்போதே இதைக் கேட்டுப் பதிய வேண்டும்; பாலிசி கைக்கு வந்தபின் சேர்க்க முடியாது.