இரட்டையரில் கெட்டவர் யார்?

நானும் என் தங்கச்சியும் இரட்டையர். பதினொரு நிமிடங்கள் முந்திப் பிறந்ததால் நான் ராத்தா. வீட்டுக்கு வருபவர்கள் எங்களைக் கண்டதும் கேட்கும் முதற் கேள்வி, "இதுல யாரு குழப்படி?" என்பதுதான். எல்லோருடைய விரலும் தங்கச்சியை நோக்கியே நீளும்.

கடந்த தவணை விடுமுறையில் மாமாவின் மடிக்கணினியில் 'ஆளவந்தான்' பார்த்தோம். சுரேஷ் கிருஷ்ணா இயக்கி 2001இல் வெளிவந்த படம். தாம் எழுதிய 'தாயம்' நாவலைத் தழுவிய இக்கதையில் கமல்ஹாசன் இரட்டையராக நடித்திருக்கிறார். விஜய் இராணுவ கமாண்டோ. நந்து மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்ட கொலையாளி. சில வன்முறைக் காட்சிகள் கார்ட்டூனாக மாறுகின்றன. அப்படியும் பயமாகவே இருந்தது. சிறுவர்களுக்கு ஏற்ற படமல்ல. உம்மா பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

முடிந்ததும் மாமா சொன்னார்: "ஒரே வயித்துப் பிள்ளைகள். ஒன்று தங்கம், மற்றது தகரம்."

எனக்கு அதில் உடன்பாடில்லை. தாய் இறந்த பின் விஜயை மாமன் பொறுப்பேற்று வளர்க்கிறார். நந்து தந்தையோடும் சிற்றன்னையோடும் விடப்படுகிறான். அவளது கொடுமையில் வதைபடும் அச்சிறுவன் இறுதியில் அவளையே கொன்றுவிடுகிறான். அதன் பின் அவன் வளர்வது மருத்துவமனைச் சுவர்களுக்குள். அன்று மாமன் நந்துவின் கையைப் பிடித்திருந்தால், சீருடை அணிந்திருப்பவன் யார்?

இவ்வளவையும் காட்டிய படம் பிற்பகுதியில் அதை மறந்துவிடுகிறது. நந்து எப்போது சாவான் என்று நாமும் காத்திருக்கத் தொடங்குகிறோம். மனநோயாளி என்றாலே கொலைகாரன் என்ற எண்ணமும் மனதில் தங்கிவிடுகிறது. உண்மையில், மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. 1999இல் வந்த 'வாலி'யிலும் இரட்டையரில் கெட்டவர், காது கேளாத, வாய் பேசாத அண்ணன்தான். தீமையைக் காட்ட ஒரு நோயோ குறைபாடோ ஏன் தேவைப்படுகிறது?

கொடுமைக்கு ஆளான எல்லோரும் கொலை செய்வதில்லையே என்று சிலர் கேட்கலாம். சரிதான். நந்து செய்தவற்றை நான் நியாயப்படுத்தவில்லை. செய்த குற்றத்துக்குத் தண்டனை வேண்டும். ஆனால் குற்றம் செய்யும் முன்பே ஒரு பிள்ளைக்குக் 'கெட்டது' என்று பெயர் வைப்பது வேறு.

அன்றிரவு விளக்கை அணைத்த பின் தங்கச்சி கேட்டாள்: "அப்ப நான்தான் நந்துவா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் ஆறாம் தரத்தில் படித்தபோது, உம்மா பெருநாளைக்கு மட்டும் எடுக்கும் கண்ணாடிக் கோப்பை ஒன்று உடைந்தது. உடைத்தவள் நான். அடி வாங்கியவள் தங்கச்சி. என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. நானும் வாய் திறக்கவில்லை. 'நல்ல பிள்ளை' என்ற பெயர் எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது.

பெற்றோரே, பிள்ளைகளை ஒப்பிடும்போது ஒருத்தி மட்டும் பாதிக்கப்படுவதில்லை. ஒருத்தி தான் கெட்டவள் என்று நம்பத் தொடங்குகிறாள். மற்றவள் தன் பிழையை மறைக்கப் பழகுகிறாள்.

உம்மா, இந்தச் சஞ்சிகை வீட்டுக்கு வந்ததும் இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். தங்கச்சியிடம் நான் சொல்லிவிட்டேன். இனி விருந்தினர் யாராவது "யாரு குழப்படி?" என்று கேட்டால், முதலில் என் விரல் என்னையே காட்டும்.