குழந்தைச் சட்டையும் ஜாதியும்

பள்ளிக்கூடம் திறக்கப்போகும் சமயம் சுங்குவார்சத்திரம் கடைத்தெருவில் பிள்ளைகளுக்குச் சட்டை எடுக்க வந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் நம்மிடம், "எங்கள் பாட்டன் காலத்தில் பிள்ளைகளுக்குச் சட்டை ஏது? எல்லாப் பிள்ளையும் அரைஞாண் கயிற்றோடு ஒன்றாகத்தானே ஓடியாடிற்று! அப்பொழுது பேதம் இருந்ததா?" என்றார். கேட்க நன்றாய்த்தான் இருக்கின்றது. வாஸ்தவமா என்று பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலே நம் நாட்டுச் சிறு குழந்தைகள் பெரும்பாலும் அம்மணமாய்த் திரிந்தது உண்மைதான். வெயில் நாட்டில் அது குற்றமுமல்ல. ஆனால் பண்ணைக்காரர் வீட்டுக் குழந்தைக்கு இடுப்பிலே வெள்ளி அரைஞாண், பெண்ணானால் அரைமூடி, காலிலே தண்டை, கையிலே காப்பு. சேரிக் குழந்தைக்கு ஒரு கறுப்புக் கயிறு. அம்மணத்திலேயே ஜாதி எழுதியிருந்தது என்று சொல்லுவோம். ஐந்தாறு வயதானவுடன் ஒரு பெண்ணுக்குப் பாவாடையும் சட்டையும் வரும். மற்றொரு பையனுக்கு வந்த கோவணம் அவன் கிழவனாகும் வரையில் மாறாது.

துணிக்குப் பஞ்சமா? பட்டணத்துப் பெரம்பூரில் 1876ல் பக்கிங்காம் மில்லும் 1881ல் கர்னாடிக் மில்லும் வந்துவிட்டன. தையல் மிஷினும் அந்தக் காலத்திலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஆனால் மில் வந்த அதே 1876ல் தொடங்கிய பஞ்சத்தில் ஜனங்கள் இலட்சக்கணக்கில் மாண்டார்கள். இந்தச் சுங்குவார்சத்திரமும் சேர்ந்திருந்த செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் டிரமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனையும் தமக்குச் சொந்தமில்லாமல், கடனுக்கு ஆளாய் உழைக்கிறார்கள் என்ற சங்கதி சர்க்காருக்குப் போயிற்று. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்லுவது அதன் பேரில் 1892ல் பிறந்ததுதான். மனையே இல்லாதவன் மகனுக்குச் சட்டை எங்கிருந்து தைப்பான்?

நிற்க, வறுமை மாத்திரமே காரணம் என்று சொல்லித் தப்ப முடியாது. காசு இருந்தவனையும் உடுத்த விடவில்லையே! திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடுவதற்காகப் பல வருஷம் அடிபட்டு, 1859ல் ராஜா விளம்பரம் போட்டுத்தான் அனுமதி வந்தது. அதிலும் மேல்ஜாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று ஒரு வால் ஒட்டியிருந்தது. துணிக்கு என்ன தர்மமோ நமக்குத் தெரியவில்லை.

திருவிதாங்கூர் தானே என்று ஒதுக்க வேண்டாம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க ஜாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேஷ்டி கட்டக்கூடாது, சட்டையோ பனியனோ போடக்கூடாது, பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக்கூடாது என்பவை அவற்றில் சில. அடுத்த வருஷம் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதார் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும் என்பதும் சேர்ந்து கொண்டது. சட்டையைப் பிடுங்கியவர்கள் புத்தகத்தைப் பிடுங்கவும் மறக்கவில்லை.

இன்றைக்குச் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை சர்க்கார் வருஷத்துக்கு நான்கு ஜோடிச் சீருடை இலவசமாய்க் கொடுக்கின்றது. யார் வீட்டுப் பிள்ளை என்று சட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. இது சாமி கொடுத்ததல்ல. ஆனால் சட்டையில் இடம் கிடைக்காத ஜாதி மணிக்கட்டுக்கு ஏறிவிட்டதே! வர்ணக் கயிறு கட்டி இன்ன ஜாதி என்று பிள்ளைகள் காட்டிக்கொள்ளுகிறார்கள். 2023ல் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் வீட்டிலேயே சக மாணவர்கள் வெட்டிய பிறகு நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024ல் தந்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடுக்க வேண்டும் என்றது. உடனே மதம் போயிற்று என்று கூச்சல்! நூல் அறுந்தால் போகும் மதம் என்ன மதம் என்று கேட்கின்றோம்.

அந்தப் பெரியவரோடு ஒரு பேரனும் வந்திருந்தான். புதுச் சட்டையின் கைக்கு வெளியே இரண்டு வர்ணத்தில் கயிறு தெரிந்தது. என்ன கயிறு என்றோம். "பிள்ளைகள் எல்லாம் கட்டுகிறார்கள்" என்றார். எந்தப் பிள்ளைகள் என்று கேட்டோம். பஸ் வந்துவிட்டது என்று போய்விட்டார்.