ஓதும் சொல்லும் உண்ணும் பொருளும்



சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்கள் பலர் குர்ஆனைத் தங்குதடையின்றி ஓதுவார்கள். ஆனால் வீட்டுக்காரி "மில்ஹ் கொண்டு வா" என்றதும் திகைத்து நிற்பார்கள். மில்ஹ் என்றால் உப்பு. உப்பு எதுவென்று தெரியாமல் ஏச்சு வாங்க வேண்டுமா?

ஸூரத்துல் பகராவின் 61ஆம் வசனத்தைப் பாருங்கள். பனூ இஸ்ராயீல்கள் மூஸா (அலை) அவர்களிடம் கேட்ட உணவுகள் அங்கே வருகின்றன. அதஸ் பருப்பு, பஸல் வெங்காயம், கிஸ்ஸா வெள்ளரி. ஸூரா யூஸுபின் 36ஆம் வசனத்தில் குப்ஸ், அதாவது ரொட்டி. ஸூரா முஹம்மதின் 15ஆம் வசனத்தில் அஸல், அதாவது தேன். நாம் நாள்தோறும் ஓதும் சொற்களே இவை.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. ஸூரத்துந் நஹ்லின் 66ஆம் வசனத்தில் லபன் என்றால் பால். இன்று சவூதியில் லபன் என்று கேட்டால் மோர்தான் கிடைக்கும். பாலுக்கு அங்கே ஹலீப் என்பார்கள். பச்சைக் குழந்தையைப் பார்க்கப் போகிறவள் இதை அறியாமல் போகலாமா?

புளியந்தீவுக் கடைத்தெருவிலிருந்து சாமான் வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி மகளிடம் பெயர் கேளுங்கள். அரிசி ருஸ், இறைச்சி லஹ்ம், மீன் ஸமக். கல்யாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹனும் அரபுச் சொல்தான்.

பாஷை தெரிந்தவளுக்கே தன் நியாயத்தைச் சொல்லவும் வாய் வரும். பயணம் போகாதவளுக்கோ ஓதுவதன் பொருள் விளங்கும். அந்தப் பாக்கியத்தை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.