ஊர் சுற்றினால் என்ன?

"எங்கேடி ஊர் சுற்றிவிட்டு வருகிறாய்?"

பள்ளி விட்டுப் பத்து நிமிடம் தாமதமாக வீடு சேர்ந்த எந்தப் பெண்ணும் இந்தக் கேள்விக்குத் தப்பியிருக்க மாட்டாள். இதே சொல்லை நம் தம்பியைப் பார்த்தும் கேட்பார்கள். ஆனால் அதில் பாதி சிரிப்பு கலந்திருக்கும். நம்மைக் கேட்கும்போது மட்டும் அது குற்றச்சாட்டாகி விடுகிறது. ஊர் சுற்றுவது பெண்ணுக்கு இழுக்கன்று, அது ஒரு கல்வி என்பதே நான் இங்குச் சொல்ல விரும்புவது. பெற்றோரும் அருட்சகோதரியரும் என்னைப் பொறுத்தருளிச் சற்றே செவிசாய்க்க வேண்டுகிறேன்.

தோழியரே, நாம் சென்னையைப் பார்த்திருக்கிறோமா? "எத்தனையோ முறை" என்பீர்கள். வண்டலூர் விலங்குக்காட்சி சாலையையும், மெரினா கடற்கரையையும், தீபாவளிக்கு முன் தியாகராய நகரின் கூட்டத்தையும் பார்த்திருக்கிறோம். ஆனால் அவற்றுக்கு நடுவே இருக்கும் நகரத்தைப் பேருந்தின் சன்னல் வழியே, அதுவும் பாதி தூக்கத்தில்தான் கண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன், சென்ற கோடை விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை வரும் வரை.

அன்று என் அத்தை புனித அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்ட மெழுகுவர்த்தியை ஏற்ற என்னையும் உடன் அழைத்துச் சென்றார். மறைமலை நகரில் மின்சார ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினோம். ஆட்டோவைக் கைகாட்டப் போனேன். "கால் இருக்கிறதல்லவா? நட" என்றார் அத்தை.

நடந்தேன். பாரிமுனை என்ற பெயரைக் கேட்டு, முல்லைக்குத் தேர் ஈந்த பாரி வள்ளலுக்கும் அந்த இடத்துக்கும் ஏதோ தொடர்பு உண்டென்று வெகுகாலம் நினைத்திருந்தேன். 1788-இல் சென்னையில் வாணிகம் தொடங்கிய தாமஸ் பாரி என்ற வேல்ஸ் நாட்டுக்காரரின் பெயராம் அது! அங்கே ஒரு பழைய கல்தூண் நிற்கிறது. பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்ட பின்னர், பகைவர் மறைந்து வர இடந்தரக் கூடாதென்று கோட்டைக்கு அருகிலிருந்த பழைய ஊரை ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினர். 'இந்த எல்லைக்கு இப்பால் யாரும் வீடு கட்டலாகாது' என்று 1773-இல் ஆறு தூண்களை நட்டனர். எஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். எத்தனை குடும்பங்கள் வீடிழந்தன என்று அந்தத் தூண் சொல்வதில்லை. ஆனால் அதன் முன் நின்றால் அந்தக் கேள்வி நம் மனத்தில் எழாமல் போவதுமில்லை.

எதிரே 1892-இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றம். அதன் உயர்ந்த கோபுரத்தில்தான் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்ததாம். நீதி சொல்லும் கட்டடம் கப்பலுக்கும் வழி சொல்லியிருக்கிறது!

அங்கிருந்து அரண்மனைக்காரத் தெருவுக்குள் நுழைந்தோம். "அத்தை, அரண்மனை எங்கே?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அரண்மனையே கிடையாது. பாரசீகத்தின் வழியாக வாணிகத்துக்கு வந்த அர்மீனியர் வாழ்ந்த தெரு அது. 'அர்மீனியன்' தமிழர் நாவில் 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது. 1772-இல் அவர்கள் எழுப்பிய மாதா கோயில் இன்றும் உண்டு. தனியே நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். முற்றத்துக் கல்லறைக் கற்களில் நம்மால் படிக்க முடியாத எழுத்துகள். உலகின் முதல் அர்மீனிய இதழை 1794-இல் இதே சென்னையில் அச்சிட்ட குருவானவரும் அங்கேதான் துயில்கிறார். இன்று அங்கே வழிபட அர்மீனியக் குடும்பங்கள் இல்லை. அதே தெருவில் சற்றுத் தள்ளி அந்தோணியார் கோயிலிலோ, செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் பொட்டிட்ட பெண்களும் முக்காடிட்ட பெண்களும் எங்களோடு வரிசையில் நின்றார்கள்.

அத்தை அங்கே சொன்ன ஒரு செய்திதான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர், புனித தோமையார் மலைக்கு ஏறிச் செல்வோருக்காகப் படிகள் அமைத்தார். மலைக்குச் செல்வோர் ஆற்றில் இறங்கி அல்லற்படாதிருக்க, 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் ஒரு பாலமும் கட்டினார். பாரசீகம், அர்மீனியம், இலத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் அதற்கு ஒரு கல்வெட்டும் வைத்தார். 1960-களில் பழைய பாலத்துக்கு மாற்றாக எழுந்த புதிய பாலத்தின் பெயர் என்ன தெரியுமா? மறைமலை அடிகள் பாலம்! வேதாசலம் என்ற தம் பெயரையே தமிழாக்கி மறைமலை ஆன அந்தப் பெரியாரின் பெயரைத்தானே நம் ஊரும் தாங்கியிருக்கிறது? அந்தப் பாலத்தின் மேல் எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறேன். ஒரு முறையும் அதன் பெயரைப் படித்ததில்லை.

பிறகு தெருத் தெருவாகச் சென்றோம். ஆண்டர்சன் தெருவில் காகிதமும் திருமண அழைப்பிதழும். கோடவுன் தெருவில் துணி. ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்து. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் மூக்கே தெருவின் பெயரைச் சொல்லிவிடும். ஆள் உயரத்துக்குத் துணிப்பொதி ஏற்றிய கைவண்டியை இழுத்து வந்த ஒரு முதியவர், "ஓரம் போம்மா" என்று நமக்கு வழிவிடச் சொல்லிக்கொண்டே, தெருவில் கிடந்த ஒரு கண்ணாடித் துண்டைக் காலால் ஓரம் தள்ளிவிட்டுப் போனார். பின்னால் வருகிறவர் காலில் குத்திவிடும் என்ற நினைப்பு அவருக்கு! அந்தச் சுமையோடும் அந்த நினைப்பு வந்ததே என்பதை இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். நன்னெறி வகுப்பில் பத்து மதிப்பெண்ணுக்குப் படித்ததை, அங்கே பைசாச் செலவில்லாமல் கண்டேன்.

மாலை ரயிலுக்கு முன், கடற்கரை நிலையத்தருகே பர்மா பஜார்ப் பக்கம் 'அத்தோ' வாங்கித் தந்தார் அத்தை. பர்மாவில் வாழ வழியின்றித் திரும்பிய நம் தமிழருக்காக 1969-இல் உண்டான கடைத்தெரு அது. வெறுங்கையோடு வந்தவர்கள் கைப்பக்குவத்தை மட்டும் கொண்டு வந்தார்கள். இன்று சென்னையே வரிசையில் நின்று அதைச் சாப்பிடுகிறது. அகதி என்ற சொல்லை வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறேன். அதன் பொருள் விளங்கியது வாழைத்தண்டு சூப்புக் கிண்ணத்தைக் கையில் வைத்திருந்தபோதுதான்.

வீடு திரும்பியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "நாள் முழுக்க எங்கே சுற்றினீர்கள்?"

அம்மாவின் அச்சம் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். நடைபாதையில் வண்டிகள் நிற்கின்றன. ஒதுங்கத் தூய்மையான இடம் கிடைப்பதில்லை. உறுத்துப் பார்க்கும் கண்களும் உண்டு. ஆனால் இவையெல்லாம் தெருவின் குற்றங்களா, தெருவில் நடக்கும் பெண்ணின் குற்றங்களா? குற்றம் ஓரிடத்தில் இருக்க, சிறை வேறோரிடத்தில் வைக்கப்படுகிறதே! பெண்கள் நடமாடாத தெருவில்தான் தனியே வரும் பெண் வேடிக்கைப் பொருளாகிறாள். நாலு பேர் நடக்கும் தெருவில் ஐந்தாவது பெண்ணை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் நம் ஜி.எஸ்.டி. சாலையில் நின்றால் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாகப் போவதைக் காணலாம். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குச் செல்லும் அக்காமார் அவற்றில் சன்னலில் தலைசாய்த்து உறங்கிக்கொண்டிருப்பார்கள். எங்கள் தெருவில் தங்கியிருந்த ஓர் அக்காள், மூன்றாண்டு சம்பாதித்துத் தம்பியைப் படிக்க வைத்தார். சென்னைக் கடற்கரையைப் பார்க்காமலே ஊர் திரும்பினார். "யாரிடம் வழி கேட்பது என்று பயமாக இருந்தது" என்றார். உலகச் சந்தைக்குப் பொருள் செய்த கைகளுக்கு, ஒரு ரயில் பயணத்துக்குத் துணிவில்லை. அத்துணிவை அவருக்கு எந்தப் பள்ளியும் கற்பிக்கவில்லை. நாளை அந்தச் சன்னலோரத்தில் நம்மில் பலர் அமர்வோம்.

நாசரேத்தூரிலிருந்து யூதேய மலைநாட்டுக்கு, எலிசபெத்தம்மாளைக் காணப் புறப்பட்ட அன்னை மரியாள் நம்மைப் போன்ற ஓர் இளம்பெண்தானே? அந்த நெடுவழிப் பயணத்தைத் திருச்சபை விழாவாகக் கொண்டாடுகிறது. "ஏன் ஊர் சுற்றினாய்?" என்று எலிசபெத்தம்மாள் கேட்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஆண்டுதோறும் கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்லும் நம் பள்ளிச் சுற்றுலாக்களில் ஒன்றையேனும் கால்நடையாக வைத்துக்கொள்ளலாம். இருபது பேர், இரண்டு ஆசிரியைகள், காலை ஏழு மணி ரயில், கையில் ஒரு தண்ணீர்ப் புட்டி, ஒரு குறிப்பேடு, இவ்வளவு போதும். ஒவ்வொருத்தியும் தான் கண்ட மூன்று புதுமைகளை எழுதி வரட்டும். முன்பின் அறியாத ஒருவரிடம் மரியாதையாக வழி கேட்டு வரட்டும். அதற்கு முன்னோடியாக, இந்த ஞாயிறன்று பூசை முடிந்ததும் பெற்றோர் தம் மகளோடு மறைமலை நகரிலேயே இதுவரை போகாத இரண்டு தெருக்களில் நடந்து பார்க்கட்டும்.

அதன் பிறகும் "எங்கேடி ஊர் சுற்றினாய்?" என்று கேட்பீர்களானால் கேளுங்கள், அம்மா. சொல்வதற்கு எங்களிடம் நிறைய இருக்கும்.