ஆஞ்சியோ முடிந்ததா? மூன்றாம் நாளை மறக்காதீர்கள்



நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஒருவராவது ஆஞ்சியோ செய்தவராக இருப்பார். "எத்தனை அடைப்பு, எத்தனை ஸ்டென்ட்?" என்று விசாரிக்கிறோம். "கிட்னி எப்படி இருக்கிறது?" என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. நான் மருத்துவன் அல்ல. பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்த இடைநிலை ஆசிரியன். படித்துப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இதய ரத்தக் குழாய்கள் எக்ஸ்ரேயில் தனியாகத் தெரியாது. அதனால் அயோடின் கலந்த சாயத்தைச் செலுத்திப் படம் எடுக்கிறார்கள். அந்தச் சாயத்தை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்துடையது. பெரும்பாலோருக்கு ஒரு தொல்லையும் வராது. ஆனால் ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவர்கள், அதோடு சர்க்கரை நோயும் உள்ளவர்கள், இதயம் பலவீனமானவர்கள், வயதானவர்கள் ஆகியோரில் சிலருக்குச் சிறுநீரகம் அடிபடுகிறது.

அடிபட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கிறார்கள். சிக்கல் இங்கேதான். பாதிப்பு ஏற்பட்ட உடனே அது ஏறாது. 24 முதல் 48 மணி நேரத்தில்தான் ஏறத் தொடங்கும். உச்சத்துக்குப் போக 3 முதல் 5 நாள் ஆகும். நம்மில் பலர் மறுநாளே டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துவிடுகிறோம். காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்த பிறகுதான் பையனுக்குப் பாடம் புரியவில்லை என்று தெரிவதைப் போன்றது இது.

சீக்கிரம் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களை விஞ்ஞானிகள் தேடிவருகிறார்கள். அவற்றில் ஒன்று என்ஜிஏஎல் என்ற புரதம். அமெரிக்காவின் சின்சினாட்டியில் பிரசாத் தேவராஜன் குழுவினர், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 71 குழந்தைகளை ஆராய்ந்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். சிறுநீரகம் பாதித்த குழந்தைகளின் சிறுநீரில் இந்தப் புரதம் 2 மணி நேரத்திலேயே கூடியிருந்தது. சாயத்தால் வரும் பாதிப்பிலும் சில மணி நேரத்தில் இது கூடுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

நல்ல செய்திதான். ஆனால் கிருமித் தொற்று இருந்தாலும், பழைய சிறுநீரக நோய் இருந்தாலும் என்ஜிஏஎல் கூடும். எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்பதிலும் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. ஆகவே ஆஞ்சியோ செய்த எல்லோருக்கும் பார்க்கும் வழக்கமான பரிசோதனையாக அது இன்னும் ஆகவில்லை.

என் கருத்து இதுதான்: புதிய பரிசோதனை வரும்போது வரட்டும். அதுவரை, கையில் இருக்கும் பழைய பரிசோதனையைச் சரியான நாளில் செய்வோம். ஆபத்து உள்ளவர்களுக்காவது, சாயம் செலுத்தி 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒரு கிரியாட்டினின் பார்க்க வேண்டும். செலவு குறைந்த பரிசோதனை. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே "மூன்றாம் நாள் கிரியாட்டினின்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறேன்.

முன்கூட்டியே செய்ய வேண்டியதும் உண்டு. ஆஞ்சியோவுக்கு முன் கிரியாட்டினினோடு இஜிஎஃப்ஆர் எண்ணையும் கேளுங்கள். கிரியாட்டினின் 1.0 என்றால் 25 வயது ஆணுக்கு அந்த எண் 100-க்கு மேல், அதே 1.0 உள்ள 70 வயது அம்மாவுக்கு ஏறத்தாழ 60தான். "நார்மல்" என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள்.

அந்த மூன்று நாளும் மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம். மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்; இதயம் பலவீனமானவர்களுக்கு அளவு மாறும்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆஞ்சியோவுக்குப் பயப்பட வேண்டாம். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் உயிர். சாயத்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் சரியாகிவிடும். சரியாகாமல் போகும் அந்தச் சிலரில் நம் வீட்டுப் பெரியவரும் ஒருவராகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

வீட்டில் டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். அந்த ஒரு வரி இருக்கிறதா என்று கமென்ட்டில் சொல்லுங்கள்.